தொட்டிய இன்னைக்கு குடுங்க, மீன அடுத்த மாசம் குடுங்க: தருமபுரி, கிருஷ்ணகிரி அக்வேரியம் கடைக்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் அக்வேரியம் கடை வச்சிருக்கிற அண்ணன்களுக்கும் தம்பிகளுக்கும், காவேரிப்பட்டணம் பாலக்கோடு அரூர் பக்கம் வேற ஏதோ கடைக்குள்ளயே ஒரு மூலையில ரெண்டு தொட்டி வச்சு மீன் விக்கிறவங்களுக்கும் வணக்கம்.

நான் உங்க தொழில்காரன் கிடையாது. கிருஷ்ணகிரியில மோட்டார் வைண்டிங் கடை வச்சிருக்கேன். போர் மோட்டார், மிக்ஸி, டேபிள் ஃபேன்னு வர்ற வேலைக்கு நடுவுல உங்க கடையில வாங்குன ஏர் பம்பும் பவர் ஃபில்டரும் வரும். வீட்டுல எனக்கும் ஒரு தொட்டி இருக்கு, கோல்ட் பிஷ் மட்டும்தான், அதனால ஃபில்டர் கொண்டு வர்றவங்க கிட்ட நான் கொஞ்சம் வாய் குடுக்கிற ஆளு. அப்படி கேட்டுக் கேட்டு சேர்ந்த விஷயத்தத்தான் இங்க எழுதுறேன். சண்டைக்கு வரல, உங்க யாபாரத்த கெடுக்கவும் வரல, படிச்சு முடிச்சா உங்களுக்கே தெரியும்.

ஒரு ஃபில்டர் எப்படி வரும்னு சொல்றேன். கேரி பேக்ல மோட்டார் பாகம், அதுக்கு கீழ மாட்டுற ஸ்பான்ஜ், ரெண்டும் இருக்கும். மோட்டார திறந்தா சுருள் நல்லாத்தான் இருக்கும், ஒண்ணும் எரிஞ்சிருக்காது, உள்ள சுத்துற அந்த குட்டி காந்த ரோட்டர் மேல வெள்ளையா உப்பு பிடிச்சு இறுகிப் போய் சுத்தாம நிக்கும், எலுமிச்சம்பழச் சாத்துல கொஞ்ச நேரம் ஊறப் போட்டு பல்லு விளக்குற பிரஷ்ல தேய்ச்சா திரும்ப ஓடும், அதுக்கு நான் காசும் வாங்குறதில்ல. ஆனா அந்த ஸ்பான்ஜ பாப்பேன் பாருங்க, கடையில இப்பதான் பிரிச்ச மாதிரி பளிச்சுனு இருக்கும். பைப்ப திறந்து விட்டு, சில பேரு துணி சோப்பு கூட போட்டு, கசக்கி பிழிஞ்சு கொண்டு வந்திருப்பாங்க. மீன் எப்படிங்க இருக்குன்னு கேட்டா "அது போன வாரமே போயிடுச்சுங்க, ஃபில்டர் ஓடலல்ல"ன்னு பதில் வரும். ஃபில்டர் நின்னதும் ஒரு காரணம்தான், இல்லைன்னு சொல்லல, ஆனா அந்த ஸ்பான்ஜ வெளுத்த அன்னைக்கே பாதி கதை முடிஞ்சிருக்கும். இது அவங்க தப்பு இல்லைங்க. ஸ்பான்ஜ்ல அழுக்கு இருந்தா கழுவத்தான் தோணும் யாருக்கும். அந்த அழுக்குல பாதி உயிருள்ளதுன்னு விக்கும்போது யாரும் அவங்களுக்கு சொல்லல.

உங்கள்ல பல பேருக்கு இது தெரியும், தெரியாத கஸ்டமரும் இத படிக்கட்டும்னு ஒரு தடவ சொல்லிடுறேன். கோல்ட் பிஷ் செவுள் வழியா அம்மோனியாவ வெளிய விட்டுக்கிட்டே இருக்கும், திங்காம விட்ட தீனி அழுகுனாலும் அதேதான் வரும். பழகின தொட்டியில ஸ்பான்ஜ்லயும் அடியில கெடக்குற கல்லு மேலயும் பாக்டீரியா குடியிருக்கும், அதுல ஒரு கூட்டம் அம்மோனியாவ நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்ட நைட்ரேட் ஆக்கும். மொத ரெண்டும் மீனுக்கு விஷம், மூணாவது அவ்வளவு மோசம் இல்ல, வாரத்துக்கு ஒரு தடவ கால்வாசித் தண்ணி எடுத்துட்டு புதுசு ஊத்துனா சமாளிச்சிடலாம். பிரச்சனை எங்கன்னா, புது தொட்டியில இந்த கூட்டம் ரெண்டும் சேர்றதுக்கு 4 வாரத்துலேர்ந்து 6 வாரம் வரைக்கும் ஆகும். நீங்க ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தொட்டி, கல்லு, ப்ளாஸ்டிக் செடி, ஒரு புதையல் பெட்டி, நாலு கோல்ட் பிஷ், ஒரு டப்பா தீனி எல்லாத்தையும் ஒரே பில்லுல போட்டுக் குடுத்தா, அந்த நாலு மீனும் பாக்டீரியாவே இல்லாத தண்ணியில போய் தன் கழிவுலயே மூச்சு முட்டி நிக்குது. தண்ணி பாக்க கண்ணாடி மாதிரிதான் இருக்கும், அம்மோனியாவுக்கு நெறம் கெடையாது. மீன் மேல வந்து வாய வாய திறக்கும், செவுள் செவந்து போகும், இறக்கைய ஒடுக்கிக்கிட்டு மூலையில நிக்கும், புள்ளைங்க "மீன் தூங்குது"ன்னு சொல்லும்.

நம்ம ஊர்ல இது இன்னும் மோசம், ஏன்னு சொல்றேன். நம்ம போர் தண்ணி கடினத் தண்ணி, என் கடைக்கு வர்ற போர் மோட்டார் ஒவ்வொண்ணும் அதுக்கு சாட்சி. அந்த உப்பு கோல்ட் பிஷ்ஷுக்கு ஒண்ணும் பண்ணாது, சொல்லப்போனா அதுக்கு பிடிச்ச தண்ணியே அப்படிப்பட்டதுதான், தண்ணியோட காரத்த காட்டுற பிஹெச் 7 லேர்ந்து 8 தாண்டி போனாலும் தாங்கும். ஆனா அதே பிஹெச் ஏற ஏற அம்மோனியாவோட விஷமும் ஏறும். பிஹெச் 7ல இருக்கிற தண்ணியில இருக்கிற அதே அளவு அம்மோனியா, 8 ஆனா கிட்டத்தட்ட பத்து மடங்கு விஷமா வேல செய்யும், தண்ணி சூடானா அதுக்கும் மேல. அதனால மழைத்தண்ணி மாதிரி உப்பு கம்மியான தண்ணி இருக்கிற ஊர்ல புது தொட்டிய தப்பிச்சுக் கடக்கிற மீன் நம்ம ஊர்ல தப்பிக்காது. சென்னை கொளத்தூர்லேர்ந்து மீன் எடுக்கிறவங்க அங்க சொல்ற கணக்க அப்படியே இங்க சொல்லக் கூடாதுன்னு நான் சொல்றது இதனாலதான்.

இதுக்கு நடுவுல கேன் தண்ணி கூத்து வேற. நம்ம பக்கம் ஃபுளோரைடு கதை எல்லாருக்கும் தெரியும், பல்லு மஞ்சளாகி முட்டி தேஞ்சு போனவங்க ஊருக்கு ஊரு இருக்காங்க, அதுக்காகத்தான் ஜப்பான் கடனுதவியில ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் திட்டமே போட்டு 2013ல தொறந்தாங்க. அந்த பயம் நம்ம ரத்தத்துல ஊறிப் போச்சு. நமக்கே ஆகாத தண்ணி மீனுக்கு எப்படி ஆகும்னு நெனச்சு, பாவம், நல்ல மனசோட, இருவது லிட்டர் ஆர்ஓ கேன் வாங்கி தொட்டியில ஊத்துறாங்க. ஆர்ஓல தாது உப்பு எல்லாம் வடிகட்டிப் போயிடும். பாக்டீரியா அம்மோனியாவ மாத்துற வேலை செய்யும்போது தண்ணியில இருக்கிற கார்பனேட்ட கொஞ்சம் கொஞ்சமா தின்னும், கேன் தண்ணியில அது ஏற்கெனவே இல்ல, அப்புறம் பிஹெச் திடீர்னு கீழ விழும், பாக்டீரியாவும் படுத்துக்கும், மீனும் படுத்துக்கும். காசும் போயி மீனும் போயி. ஒகேனக்கல் தண்ணி வர்றவங்க அதையே ஊத்தலாம், குளோரின் மட்டும் போகணும், வாய் அகலமான பக்கெட்ல திறந்து ஒரு நாள் வச்சாலே போதும், இல்லனா ஆன்டி குளோரின் சொட்டு விடணும். மூடி போட்ட சம்ப்புல மூணு நாளா கெடந்த தண்ணி தானேன்னு நேரா ஊத்தக் கூடாது, மூடியிருந்தா குளோரின் எங்க போகும்? மழை முடிஞ்சு கொசு சீசன்ல பிளீச்சிங் பவுடர் கொஞ்சம் தாராளமாவே போடுவாங்க, அப்ப இன்னும் ஜாக்கிரதை. இத ஒரு சின்ன சீட்டுல அடிச்சு தொட்டியோட குடுத்தா என்னங்க கொறஞ்சு போகும்.

சரி, நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. தொட்டி வாங்க வர்றவங்களுக்கு அன்னைக்கே மீன் குடுக்காதீங்க. தொட்டி, ஃபில்டர், கல்லு எல்லாம் குடுங்க, வீட்டுல தண்ணி ஊத்தி ஓட்டச் சொல்லுங்க, தினம் ஒரு சிட்டிகை தீனி போடச் சொல்லுங்க, அது அழுகி வர்ற அம்மோனியாதான் பாக்டீரியாவுக்கு சாப்பாடு. ஒரு மாசம் கழிச்சு தண்ணிய ஒரு பாட்டில்ல கொண்டு வரச் சொல்லி நீங்களே டெஸ்ட் கிட்ல பாத்து, அம்மோனியா நைட்ரைட் ரெண்டும் பூஜ்யம்னா மீன் குடுங்க, அதுவும் மொத ரெண்டு. டெஸ்டுக்கு ஒரு சின்ன தொகை வாங்குங்க, யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க.

"ஒரு மாசம் காத்திருக்க சொன்னா அடுத்த கடைக்கு போயிடுவான்"னு நீங்க சொல்றது எனக்கு கேக்குது. புள்ளை கைய பிடிச்சுக்கிட்டு அழுவும், அப்பன் "ரெண்டு மீனாச்சும் குடுப்பா"ம்பான், நெசந்தான். அதுக்கும் ஒரு வழி உங்க கையிலயே இருக்கு. உங்க கடைத் தொட்டியில வருசக்கணக்கா ஓடிக்கிட்டிருக்கிற ஸ்பான்ஜ் இருக்குல்ல, அந்த பழுப்பு நெற ஸ்பான்ஜ், நோய் இல்லாத தொட்டியா பாத்து அதுலேர்ந்து ஒரு துண்ட வெட்டி, ஈரம் காயாம கவர்ல அதே தண்ணியோட போட்டு குடுங்க. புது ஃபில்டருக்குள்ள அத சொருகுனா அந்த ஒரு மாசம் நல்லா சுருங்கும், ரெண்டு சின்ன மீன வச்சு வாரத்துக்கு ரெண்டு மூணு தடவ தண்ணி மாத்தி ஓட்டிடலாம். உங்களுக்கு அதுக்கு செலவு ஒண்ணும் இல்ல, ஆனா அந்த கஸ்டமருக்கு நீங்க வித்ததுலயே அதுதான் பெரிய பொருள். கூடவே "இத எப்பவும் பைப் தண்ணியில கழுவாதீங்க, தண்ணி மாத்தும்போது எடுத்த பழைய தண்ணியில ரெண்டு அமுக்கு அமுக்கி வச்சிடுங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, என் கடைக்கு வெள்ளை ஸ்பான்ஜ் வர்றது நிக்கும்.

யாபாரக் கணக்கும் சொல்றேன். நான் கட்டிக் குடுத்த மோட்டார் ஒரு மாசத்துல எரிஞ்சா விவசாயி டிராக்டர்ல வந்து கடை வாசல்ல இறங்குவாரு, ஊருக்கே கேக்குற மாதிரி சத்தம் போடுவாரு. உங்க மீன் பத்து நாள்ல செத்தா யாரும் சத்தம் போட மாட்டாங்க, "நமக்கு ராசி இல்ல"ன்னு தொட்டிய மாடியில கவுத்துப் போட்டுட்டு, அதுல செடி வச்சிடுவாங்க. அவங்க சத்தம் போடாததாலதான் உங்களுக்கு நஷ்டம் கண்ணுல படல. கோல்ட் பிஷ் ஒழுங்கா வளத்தா 10, 15 வருஷம் சாதாரணமா வாழும். இங்கிலாந்துல டிஷ்னு ஒண்ணு, 1956ல ஒரு பொருட்காட்சியில பரிசா கிடைச்சது, 1999 வரைக்கும் 43 வருஷம் உயிரோட இருந்து கின்னஸ்ல ஏறுச்சு. அவ்வளவு வேணாம், பத்து வருஷம்னு வைங்க, பத்து வருஷத்துக்கு தீனி, ஸ்பான்ஜ், பெரிய தொட்டி எல்லாம் உங்க கிட்டதானே வாங்குவான்.

இன்னொண்ணு இந்த திருஷ்டிக் கதை. மீன் செத்துடுச்சுன்னு வந்து நிக்கிறவங்க கிட்ட "கவலைப்படாதீங்க, உங்க வீட்டுக்கு வந்த கெட்டத அது வாங்கிக்கிச்சு"ன்னு சொல்லி இன்னும் ரெண்டு மீன கவர்ல கட்டிக் குடுக்குறது. நம்பிக்கைய நான் கிண்டல் பண்ணல, என் கடையிலயும் எலுமிச்சம்பழம் தொங்குது. ஆனா கிரகப்பிரவேசம் முடிஞ்ச மூணாவது வாரத்துல எல்லா வீட்டுலயும் ஒரே மாதிரி திருஷ்டி படுதுன்னா அந்த திருஷ்டிக்கு பேரு அம்மோனியாதான்.

பௌல் பத்தி நீட்ட விரும்பல. அஞ்சு லிட்டர் கண்ணாடி உருண்டையில, கழுத்து வரைக்கும் தண்ணி ஊத்தி, காத்து படுற எடமே ஒரு சாசர் அளவுக்கு, அதுல கோல்ட் பிஷ் போடுறத நிறுத்துங்க. ரோம் நகரத்துல 2005லயே அந்த உருண்டை பௌல தடை பண்ணிட்டாங்க. "தொட்டி சைஸுக்குதான் மீன் வளரும்"ங்கிறது உங்க கடையில மட்டும் இல்ல, எல்லா கடையிலயும் சொல்ற வசனம், உண்மை என்னன்னா வளர முடியாம நொந்து போய் சாகுது. ஒத்த வால் சாதா கோல்ட் பிஷ் நல்ல குளத்துல ஒரு அடி வரைக்கும் போற மீனுங்க. ஒராண்டா, ரியூக்கின் மாதிரி குண்டு மீனுக்கே ஒண்ணுக்கு 60, 70 லிட்டராவது வேணும். நீங்க ரெண்டு அடி தொட்டின்னு விக்கிறது, 24க்கு 12க்கு 12 இன்ச், விளிம்பு வரைக்கும் ஊத்துனாலே 56 லிட்டர் சொச்சம்தான், அதுல எட்டு கோல்ட் பிஷ்ஷும் பாசி திங்கும்னு ஒரு சக்கர் மீனும். அந்த சக்கர் பாசி திங்குதோ இல்லையோ, ராத்திரி கோல்ட் பிஷ் மேல ஒட்டி அதோட வழுவழுப்பையே உறிஞ்சும், காலையில பாத்தா உடம்புல ரவுண்டு ரவுண்டா காயம். ரெண்டையும் ஒரே கவர்ல போடாதீங்க.

இப்ப என் தொழில் சம்பந்தமா கொஞ்சம். ராத்திரி பம்ப் ஆஃப் பண்ற பழக்கம் நம்ம ஊர்ல நெறைய வீட்டுல இருக்கு, ஒண்ணு சத்தம், ரெண்டு கரண்ட் பில். சின்ன ஏர் பம்ப் 3 வாட்தான் இழுக்கும், மாசம் பூரா இருபத்தி நாலு மணி நேரமும் ஓடுனா 2 யூனிட் சொச்சம், அதுக்கு பயந்து மீன கொல்ல வேணாம்னு பில்லு போடும்போதே சொல்லிடுங்க. சத்தம் வர்றது பெரும்பாலும் பம்ப் பலகை மேல நேரா உக்காந்து அதிர்றதாலதான், பழைய ஸ்பான்ஜ் துண்டு மேல வச்சா பாதி அடங்கிடும், அப்பயும் வந்தா உள்ள ரப்பர் டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கும், அத மாத்தணும். இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டுல ஏர் பம்ப அதுல மாட்ட சொல்லுங்க, 3 வாட் ஒரு சுமையே இல்ல. கரண்ட் போனா மீனுக்கு மட்டும் இல்ல, ஸ்பான்ஜ்ல இருக்கிற பாக்டீரியாவுக்கும் காத்து இல்லாம போகும், அதுங்க செத்தா திரும்ப மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.

வெயில் காலத்துல இது ரெட்டிப்பு. கோல்ட் பிஷ் குளிர் தண்ணி மீன், 18 லேர்ந்து 24 டிகிரிதான் அதுக்கு சுகம். ஓசூர்க்காரங்களுக்கு பிரச்சனை கம்மி, அவங்க ஊரு குளு குளுன்னு இருக்கு, குடுத்து வச்சவங்க. தருமபுரி கிருஷ்ணகிரியில ஏப்ரல் மே மாசம் ஷீட் போட்ட வீட்டுல தொட்டித் தண்ணி 30 தாண்டிடும். 20 டிகிரி தண்ணி லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் பிடிச்சு வைக்கும், 30 ஆனா ஏழரைதான், அதே நேரம் சூட்டுல மீனுக்கு மூச்சு தேவை ஏறும். அதனால அந்த ரெண்டு மாசம் தீனிய குறைக்கணும், தண்ணி மட்டத்துக்கு மேல ஒரு ஃபேன் காத்து படுற மாதிரி வச்சா ரெண்டு மூணு டிகிரி இறங்கும், ரொம்ப சூடானா ஃப்ரீசர்ல வச்ச தண்ணி பாட்டில மூடியோட மெதக்க விடலாம், ஐஸ் கட்டிய நேரா கொட்டக் கூடாது, திடீர்னு குளிர்ந்தாலும் மீனுக்கு அதிர்ச்சி. உங்கள்ல சில பேரு தொட்டி செட்டோட ஹீட்டரும் சேத்து தள்ளி விடுறீங்க. ஏங்க, இந்த ஊர்ல, கோல்ட் பிஷ்ஷுக்கு, ஹீட்டரா?

மருந்து விஷயத்துலயும் கொஞ்சம் கைய இழுத்துப் பிடிங்க. எது வந்தாலும் அந்த நீல மருந்த ஊத்த சொல்றீங்க. மெத்திலீன் ப்ளூ ஃபில்டர் ஓடுற தொட்டியில ஊத்துனா பாக்டீரியாவையும் சேத்து அடிக்கும், தனி டப்பாவுல மீன எடுத்து வச்சு குடுக்கணும். முக்கால்வாசி நேரம் நோயே இல்ல, தண்ணிதான் கெட்டிருக்கும், பாதித் தண்ணிய மாத்துனாலே மறுநாள் மீன் நிமிர்ந்துடும். உடம்பு பூரா ரவை தூவுன மாதிரி வெள்ளைப் புள்ளி வந்தா அது வேற, அதுக்கு வைத்தியம் வேணும், லிட்டருக்கு 2, 3 கிராம் கல்லுப்ப கரைச்சு கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி ஏத்துனா கோல்ட் பிஷ் தாங்கும், செடி இருந்தா எடுத்துடணும். குண்டு மீன் தலைகீழா மெதந்தா உடனே செத்துப் போகப் போவுதுன்னு பதற வேணாம், ரெண்டு நாள் தீனி நிறுத்திட்டு, வேகவச்ச பச்சைப் பட்டாணியோட தோல உரிச்சு நசுக்கி குடுத்தா பல மீன் திரும்பிடும். கோல்ட் பிஷ்ஷுக்கு இரைப்பையே கிடையாது, போட்டத எல்லாம் திங்கும், எப்பவும் பசிச்ச மாதிரியே கண்ணாடிகிட்ட வந்து வாலாட்டும், அத நம்பி வீட்டுல தாத்தா ஒரு தடவ, புள்ளை ஒரு தடவ, வேலைக்கு வர்ற அக்கா ஒரு தடவன்னு மூணு பேரு தீனி போட்டா தண்ணி நாறத்தான் செய்யும். ரெண்டு நிமிஷத்துல திங்கிற அளவு, அவ்ளோதான்.

பெருசாயிடுச்சு, வளக்க முடியலன்னு வர்ற மீன நீங்களே திரும்ப எடுத்துக்கங்க. "டேம்ல விட்டுடுங்க, புண்ணியம்"னு ஒரு கடையில சொன்னத என் காதாலயே கேட்டேன். கே.ஆர்.பி. டேம்லயும் பாரூர் ஏரியிலயும் சக்கரும் கோல்ட் பிஷ்ஷும் போய் பெருகுனா அங்க வலை போட்டு பொழைக்கிறவங்க வயித்துலதான் அடி. பாரூர்ல மீன்வளப் பல்கலைக்கழகத்தோட மையமே இருக்கு, கடைக்காரங்க நாலு பேரு சேர்ந்து போய் அவங்க கிட்ட ஒரு நாள் வகுப்பு எடுங்கன்னு கேட்டா என்ன, மொத பெஞ்சுல நானும் வந்து உக்காருறேன்.

கடைசியா ஒரு சின்ன விஷயம், என் கடையில தண்ணி உள்ள போய் எரிஞ்ச ஏர் பம்ப் வரிசையா கெடக்குது அதனால சொல்றேன். பம்ப் தரையில இருக்கும், தொட்டி மேசை மேல இருக்கும், கரண்ட் போனதும் டியூப் வழியா தண்ணி திரும்பி இறங்கி பம்புக்குள்ள போயிடும், சில வீட்டுல ஹால் பூரா தண்ணி. போர் லைன்ல மாட்டுற மாதிரியே இதுக்கும் விரல் நக சைஸுல ஒரு நான் ரிட்டர்ன் வால்வு வருது, விலை சில்லறைக் காசு. ஏர் பம்ப் விக்கும்போது கேக்காமலே அதையும் டியூப்ல மாட்டிக் குடுத்துடுங்க, அம்புக்குறி தொட்டி பக்கம் பாத்து இருக்கணும்.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரியில உங்க ஃபில்டர் எல்லாம் ரிப்பேர் பாக்குற மோட்டார் கடைக்காரன்